கேமராவின் அடியில் இருந்த சந்தனம்

நல்லூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு ஷெட் போட்டு, ஏழெட்டுத் தையல் மிஷின்களை வைத்துக்கொண்டு நானும் என் வீட்டுக்காரியும் பிழைக்கிறோம். பெரிய கம்பெனிக்காரர்கள் வெட்டிக் கொடுக்கும் துணியைத் தைத்துத் தருவதுதான் வேலை. ஜாப் ஒர்க் என்போம். உழைப்பு நம்முடையது, லேபிள் அவர்களுடையது. என் வீட்டுக்காரிக்கு இதில் ரொம்ப நாளாகவே ஒரு மனத்தாங்கல். மீந்துபோன நல்ல துணியாகப் பார்த்து வாங்கி, கைக்குழந்தைகளுக்கு ஜபலாவும் கவுனும் தானே டிசைன் போட்டுத் தைத்தாள். எங்கள் குலதெய்வத்தின் பெயரிலேயே லேபிளும் அடித்தாள்.

தைத்தது நன்றாகத்தான் இருந்தது. போட்டோதான் கெடுத்தது. அரக்கு நிறக் கவுனைச் செல்போனில் எடுத்தால் மிளகாய்ப்பழச் சிவப்பாக விழும். கொச்சியில் ஒரு கடைக்காரர் போட்டோவைப் பார்த்து வாங்கி, அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். "போட்டோல ஒண்ணு, கையில ஒண்ணு வந்தா நான் என்ன செய்யும் சேட்டா?" என்றார். நல்ல மனிதர். ஓணத்துக்கு இன்னொரு வாய்ப்பு தருவதாகச் சொன்னார். துணியின் நிறம் உள்ளபடியே தெரிகிற போட்டோ வேண்டும், அவ்வளவுதான்.

"இதும் போச்சுன்னா பழையபடி ஜாப் ஒர்க்தானுங்க. மறுக்கா ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இல்லீங்க" என்றாள் வீட்டுக்காரி.

நான் எட்டாவதோடு நின்றவன். கேமராவைப் பற்றி என்ன கண்டேன்? ஆனால் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். ராயபுரத்தில் ஸ்டூடியோ வைத்துக் கல்யாணம் காதுகுத்துக்குப் போட்டோ எடுப்பவன். ஒரே பெஞ்சில் படித்தவர்கள். பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்குக் காவடி எடுத்து ஒன்றாக நடந்தவர்கள். என் கால் கொப்புளத்துக்கு அவன் மருந்து போட்டிருக்கிறான், அவன் காவடியையும் சேர்த்து நான் சுமந்திருக்கிறேன்.

"மாப்ள, டிஎஸ்எல்ஆர் கேமரா ஒண்ணு வாங்கோணும்டா" என்றேன்.

"ஏன்டா, சினிமா எடுக்கப் போறியா?"

"ஜபலா எடுக்கப் போறன்."

விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் பொறுமையாகத்தான் சொல்லிக் கொடுத்தான். "கேமரா பாடி பழசு போதும்டா. லென்ஸ்தான் அதுக்குக் கண்ணு, காசை அதுல போடு. உன்ற ஓவர்லாக் மிஷின் மாதிரிதான் இதும். எவ்வளவு ஓடியிருக்குதோ அவ்வளவு தேஞ்சிருக்கும். அதிகம் ஓடாத பாடியா நான் பாத்துத் தர்றன். உனக்கு எதுக்குக் கவல?"

ஆடி பிறக்க ஒரு வாரம்கூட இல்லை. ஆடியில் நாங்கள் இப்படி ஒரு பொருளை வாங்குவதில்லை. ஆடி கழியட்டும் என்றிருந்தால் ஓணம் கையை விட்டுப் போய்விடும். அந்த அவசரம் அவனுக்கும் தெரியும்.

கோயமுத்தூரில் அவனுக்குப் பழக்கமான ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். கடைக்காரர் உள்ளேயிருந்து ஒரு கேமராவை எடுத்து வந்தார். "ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தரு வச்சிருந்ததுங்க. பேத்திய நாலு போட்டோ எடுத்ததோட சரி" என்றார். கைப்பிடி ரப்பர் புத்தம் புதிதாக இருந்தது. கூட்டாளி அதைக் கண்ணில் வைத்து இரண்டு தட்டுத் தட்டினான். "பூவாட்டம் இருக்குதுடா. கண்ண மூடிட்டு வாங்கு."

பழைய தையல் மிஷின் வாங்கப் போனால், மிஷின் தலையைக் கவிழ்த்து அடியைப் பார்க்காமல் நான் விலை பேசியதே கிடையாது. அன்றைக்குக் கவிழ்த்துப் பார்க்கவில்லை. கூட்டாளி பக்கத்தில் நிற்கும்போது அப்படிப் பார்த்தால் அவனை நம்பாத மாதிரி ஆகிவிடுமே என்று கூச்சமாக இருந்தது. ஒரு லென்ஸ், கூடுதலாக ஒரு பேட்டரி, மெமரி கார்டு, தோள் பை எல்லாம் அவனே எடுத்து வைத்தான். ஸ்டாண்டும் ஒன்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"இப்ப எதுக்கு? கையில புடிச்சுப் பழகு" என்றான். தெரிந்து சொன்னானோ, தெரியாமல் சொன்னானோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

வரும் வழியில் திருமுருகன்பூண்டிக் கோயிலில் இறங்கி, சாமி பாதத்தில் வைத்து வாங்கினேன். மறுநாள் ஷெட் வாசலில் வெள்ளைத் துணி விரித்து அரக்குக் கவுனை எடுத்தேன். என் வீட்டுக்காரி கவுனைக் கையில் தூக்கிக் கேமராவின் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். "அதே நிறமுங்க!" என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாசலில் சரி. மழைச்சாரல் அடித்த நாளில் ஷெட்டுக்குள் எடுத்தால், கை ஆட்டத்தில் போட்டோ கலங்கியது. நானே டவுனுக்குப் போய் ஒரு ஸ்டாண்டு வாங்கி வந்தேன். கேமராவின் அடியில் ஒரு துளை இருக்கிறது, அதில்தான் ஸ்டாண்டின் திருகாணி ஏற வேண்டும். ஏறவில்லை. கவிழ்த்துப் பார்த்தேன். துளையில் என்னவோ இறுகிக் கிடந்தது. மிஷின் ஊசியால் நோண்டினேன். மஞ்சளாகத் தூள் விழுந்தது. அப்புறம் சிவப்பு. அதன் கீழே மறுபடி மஞ்சள், மறுபடி சிவப்பு. வருசா வருசம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். சந்தன வாசம் லேசாக எழுந்தது.

ஊசியைக் கீழே வைத்தேன்.

ஆயுத பூஜைக்கு எங்கள் ஷெட்டில் எல்லா மிஷினுக்கும் பொட்டு வைப்பது நான்தான். கூட்டாளியும் வருசம் தவறாமல் அவன் கேமராவோடு வந்துவிடுவான். "உன்ற கை ராசிடா" என்பான். கேமராவை அவனே கவிழ்த்து நீட்டுவான். "மேல வச்சா மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வெள்ளச் சட்டையில ஒட்டிக்குமாமா. அடியில வையி." நானும் மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு, அந்தத் துளை மேலேயே வைத்து, அதன் மேல் குங்குமமும் வைப்பேன்.

"வாத்தியாரும் சாமி கும்பிடுறவராத்தான இருப்பாரு, அவரும் வச்சிருப்பாருங்க" என்றாள் வீட்டுக்காரி. அப்படியே இருக்கட்டும் என்று அன்று இரவு முழுக்க வேண்டிக்கொண்டேன்.

காலையில் அந்தத் தூளைத் தாளில் மடித்துக்கொண்டு ராயபுரம் போனேன். டீ சொன்னான், குடித்தோம்.

"மாப்ள, அந்த வாத்தியாரு ஊடு எங்கடா? ஒரு எட்டு போய்ப் பாத்துப்போட்டு வரலாம்னு."

"அவரு பையன்கூடப் பெங்களூருக்குப் போயிட்டாருடா."

தாளைப் பிரித்து மேசையில் வைத்தேன். பார்த்தான். முதலில் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

"ஓடுதில்ல? அப்பறம் என்னடா? நேரா குடுத்திருந்தா நீ ஆயிரம் யோசன பண்ணியிருப்ப. தொழில்ல இதெல்லாம் சகஜம்டா."

"நேரா குடுத்திருந்தா கண்ண மூடிட்டு வாங்கியிருப்பன்டா" என்றேன். தாளை அங்கேயே விட்டுவிட்டு எழுந்தேன். அவன் கழுத்தில் தொங்கி எத்தனை கல்யாணம் ஓடிய கேமரா அது. கைப்பிடி ரப்பரை மட்டும் புதிதாக மாற்றியிருக்கிறான். என் மகள் காதுகுத்துக்கே அதில்தான் எடுத்தான்.

கொச்சிக்கு அனுப்ப வேண்டிய டிசைனில் பாதிகூட முடியவில்லை. ஒருநாள் உள்ளே 'கடக்' என்று ஒரு சத்தம். பிறகு திரையில் கறுப்பு. ரிப்பேர்காரர் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஷட்டர் தேஞ்சு முடிஞ்சுபோச்சுங்க. மாத்துற காசுக்கு வேற ஒண்ணே வாங்கிறலாமுங்க" என்றார். மீதியைச் செல்போனில் எடுத்து அனுப்பினோம். கொச்சிக்காரர் வருத்தப்பட்டார், ஆனால் வாங்கவில்லை. ஓணம் போயிற்று. குலதெய்வம் பெயர் போட்ட லேபிள்களை என் வீட்டுக்காரி துணி சுற்றி, பீரோவின் மேல் தட்டில் வைத்தாள். ஷெட்டில் மறுபடியும் அடுத்தவர் லேபிள் ஏறியது.

ஆயுத பூஜை வந்தது. மிஷின்களைத் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் பைக் சத்தம். அவன்தான். கழுத்தில் புதுக் கேமரா. எதுவும் நடக்காத மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். கேமராவைக் கவிழ்த்து என் முன்னால் நீட்டினான்.

சாமி நாளில் வாசலுக்கு வந்தவனைப் போ என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. விரல் நுனியில் சந்தனம் ஈரமாக இருந்தது. அந்தத் துளை பளபளவென்று சுத்தமாக இருந்தது.

சந்தனக் கிண்ணத்தை அவன் கையில் கொடுத்தேன். "நீயே வச்சுக்கோ" என்றேன்.

அவன் கிண்ணத்தோடு நின்றுகொண்டே இருந்தான். நான் விரலில் இருந்த சந்தனத்தோடு அடுத்த மிஷினுக்கு நகர்ந்தேன். என் வீட்டுக்காரி எல்லோருக்கும் கொடுத்த மாதிரியே அவனுக்கும் பொரிகடலை கொடுத்தாள். வாங்கிக்கொண்டு போனான். அவன் வைத்துவிட்டுப் போன கிண்ணத்தைப் பார்த்தேன். அதில் என் விரல் பட்ட தடத்தைத் தவிர வேறு தடம் இல்லை.