எரிமலைக் குகையில் ஒரு நிமிஷம்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் நீளம். உம்மா அப்படித்தான் சொல்வார், மறுப்பதற்கில்லை. அந்த வாய் செய்த வேலைகளில் ஒன்றை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் கசக்கிறது.

அப்போது எனக்குப் பதினொன்று, என்னை லாத்தா என்று கூப்பிடும் தம்பிக்கு ஏழு. ஷார்ஜா முவைலாவில் ஒரு சின்ன ஃபிளாட்டில் இருந்தோம். லீவு கிடைக்கவில்லை, லீவு கிடைக்கவில்லை என்று உம்ரா யாத்திரையை வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்டுவந்த வாப்பா, திடீரென்று ஒரு நாள் நான்கு பேருக்கும் பஸ்ஸில் இடம் பிடித்துவிட்டார். கம்பெனி முதலாளி மனம் இளகிவிட்டார் போலிருக்கிறது என்று நானாக முடிவுசெய்து, வகுப்பில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

உம்மாவின் அண்ணன் மதீனாவில் இருந்தார். நிலத்தையும் பாறையையும் அளக்கும் கம்பெனி ஒன்றில் டிரைவர். உம்ரா முடிந்த பிறகு, "புள்ளைங்க பார்க்காத ஒண்ணக் காட்டுறேன், யல்லா" என்று வண்டியில் ஏற்றி, மதீனாவுக்கு வடக்கே இருக்கும் கைபர் பக்கம் கூட்டிப்போனார். கண்ணுக்கெட்டிய தூரம் வரை கறுப்புக் கல். நடுவில் ஓரிடத்தில் தரை இடிந்து பள்ளமாகிக் கிடந்தது. கையும் காலும் ஊன்றி இறங்கினால், பஸ் நுழையும் அளவுக்குப் பெரிய குகை. வெளியே கொளுத்திய வெயில் அதற்குள் வரவேயில்லை.

மாமா படிக்காதவர்தான். ஆனால் இன்ஜினியர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அவரும் பாதி இன்ஜினியர் ஆகியிருந்தார்.

"எரிமலைக் குழம்பு ஆறு மாதிரி ஓடி வந்துச்சு. மேல காத்துப் பட்டு இறுகிருச்சு. உள்ளுக்குள்ள மட்டும் நெருப்பு ஓடிக்கிட்டே இருந்துச்சு. பின்னாடி வர்றது நின்னதும், உள்ள இருந்தது வடிஞ்சு போச்சு. ஓடு மட்டும் நிக்கிது" என்றார்.

சுவரில் நீளநீளமாகக் கோடுகள் ஓடின. குழம்பு அந்தந்த மட்டத்தில் நின்று நின்று வடிந்த அடையாளமாம். ஆறிப்போன தேத்தண்ணிக் கோப்பையில் விழும் வளையம்போல இருந்தது. தரையில் ஆட்டு எலும்பும் ஒட்டக எலும்பும் கிடந்தன. கழுதைப்புலி இழுத்துவந்து போட்டது என்றார் மாமா. தம்பி வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

இன்னும் கொஞ்சம் உள்ளே போனதும் மாமா ஒரு விளையாட்டுச் சொன்னார். "ஒரு நிமிஷம் டார்ச் மாஃபி, பேச்சு மாஃபி, ஒண்ணும் கூடாது. இருட்டுன்னா என்னன்னு பாருங்க."

எல்லா வெளிச்சமும் அணைந்தது. என் கை எனக்கே தெரியவில்லை. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. யாரோ அடக்கி அடக்கி விசும்பினார்கள். எந்தப் பக்கத்திலிருந்து என்று சொல்ல முடியாதபடி குகை முழுக்கக் கேட்டது.

மாமா டார்ச்சைப் போட்டார். நான் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "தம்பி அழுறான்! பயந்தாங்கொள்ளி!"

தம்பி வாயைத் திறந்தான். நிமிர்ந்து வாப்பாவைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

எல்லோரும் சிரித்தோம். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது வாப்பா. "ஆம்பளப் புள்ள அழுவானாடா?" என்று அவன் தலையைத் தட்டிவிட்டு, தூசி என்று சொல்லிக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எனக்குக் கொண்டாட்டம். திரும்பிவரும் பஸ்ஸில், வீட்டில், பள்ளிக்கூட வேனில், அவன் பெயர் அழுகுணி ஆகிவிட்டது. அவன் சண்டைக்குக்கூட வரவில்லை. அதனால் எனக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

அடுத்த மாதம், ஊருக்கு லீவில் போகிறோம் என்று எங்களை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனார் வாப்பா. திரும்பி வரத்தானே போகிறோம் என்று சைக்கிளையும் பொம்மைகளையும் அப்படியே விட்டுவிட்டு வந்தோம். கம்பெனியை மூடிவிட்டார்கள் என்பதும், முசஃபாவில் ஒரு கராஜில் வேலையும் தொழிலாளர் கேம்பில் ஒரு கட்டிலும்தான் வாப்பாவுக்குக் கிடைத்திருந்தன என்பதும், குடும்பத்தை வைத்துக்கொள்ள அங்கே வழியில்லை என்பதும் உம்ராவுக்குப் புறப்படும் முன்பே அவருக்குத் தெரியும். உம்மாவுக்கே மதீனாவிலிருந்து திரும்பிய பிறகுதான் சொன்னாராம்.

உள்ளே போகும் முன் வாப்பா தம்பியைக் கட்டிப்பிடித்தார். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு கட்டையாக நின்றான். வாப்பா குனிந்து, "இன்னுமாடா கோவம்?" என்று கேட்டார். அவன் உதட்டை இன்னும் அழுத்திக் கடித்தான். ஏதோ பொம்மை விவகாரம் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு வாப்பா இரண்டு வருஷத்துக்கொரு முறை விருந்தாளி மாதிரி வந்துபோனார். தம்பியிடம் பேசும்போது மட்டும் தப்புச் செய்தவர்போலக் குரல் தணிந்துவிடும். அவர் மௌத்தாகி, நாங்கள் அடக்கம் செய்து இரண்டு வருஷம் ஆகிறது.

தம்பியும் இப்போது வளைகுடாவில்தான், சோஹாரில் வேலை பார்க்கிறான். போன மாதம் மனைவியையும் மகனையும் ஊருக்கு விமானம் ஏற்றிவிட்டு, விமான நிலையத்திலிருந்தே எனக்கு ஃபோன் செய்தான்.

"லாத்தா, அன்னைக்குக் குகையில அழுதது நான் இல்ல. வாப்பா. என் கைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க."

"அதுக்காகத்தான் ஏர்போர்ட்ல வாப்பாகிட்டப் பேசாம கோவமா நின்னியா?" என்று கேட்டேன்.

"கோவமெல்லாம் இல்ல லாத்தா. வாயத் தெறந்தா அழுதிருப்பேன். நீ பக்கத்துலயே நின்னே."