தபசு நாள் முட்டை

ராயம்மாள் எனக்கு ஓரகத்தி. அவளோடு ஒரே வீட்டில் பல வருஷம் குப்பை கொட்டியவள் நான். பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். விறகு ஈரமாக இருக்கிறது, மாற்று என்று சொன்னால், கண்ணில் நீர் வழிய வழிய அதே விறகில்தான் சோறு வடிப்பாள். ஆனால் நன்றாகச் சிரிப்பாள். புருஷன் சவரிமுத்து என்றால் அவளுக்கு உயிர்.

அறுபத்தேழில், தபசு காலம் தொடங்குகிற விபூதி புதன் கழிந்த மறுநாள், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துக் கரும்பாலையில் அவர் வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்தார். கொப்பரையை இறக்கும்போது கால் சறுக்கிவிட்டது. தண்ணீராக இருந்தால் வழிந்து ஓடியிருக்கும். பாகல்லவா, நெஞ்சிலிருந்து தொடை வரைக்கும் ஒட்டிக்கொண்டது.

தருமபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் எங்கள் இருவரையும் நிற்க வைத்துச் சொன்னார்.

"புண்ணு வழியா உடம்புல இருக்கற சத்தெல்லாம் ஒழுகிப் போகுது. மருந்து நான் போடுறேன், தோல் வளரச் சாப்பாடுதான் வேணும். தெனமும் முட்டை, பாலு, வேர்க்கடலை உருண்டை. வயிறு மட்டும் காயவே கூடாது."

ராயம்மாள் பவ்யமாகத் தலையாட்டினாள். நான் பிள்ளைகளைப் பார்க்க ஊருக்குத் திரும்பிவிட்டேன்.

சில வாரம் கழித்துப் போனபோது சவரிமுத்து மாமாவை எனக்கு அடையாளமே தெரியவில்லை. தோள் எலும்பு துருத்திக்கொண்டு, புண்ணெல்லாம் ஈரமாகவே கிடந்தது. நர்ஸம்மா முட்டை வைத்துவிட்டுப் போனதும் ராயம்மாள் அதை எடுத்துப் பக்கத்துக் கட்டிலில் இருந்த லாரி டிரைவர் நஞ்சப்பன் கையில் கொடுத்தாள். தொப்பூர் கணவாயில் லாரி தீப்பிடித்துக் கை வெந்துபோனவன் அவன். பாலும் கடலை உருண்டையும்கூட அவனுக்குத்தான் போயின.

"என்னக்கா பண்றே?"

"மாதாகிட்ட நேந்திருக்கேன். ஆண்டவர் உயிர்த்த பாஸ்கு வரைக்கும் ரெண்டு பேரும் ஒருசந்தி. ஒரு வேளைக் கஞ்சிதான். முட்டை, பாலு எதையும் தொடறதில்ல. இவரு உசுரை மாதா திருப்பிக் குடுத்துடுவா."

மாமா என்னைப் பார்த்தார். "ஒன்னே ஒன்னு குடுக்கச் சொல்லு ஞானம். வாசனை வருது."

"பொறுங்க. பாஸ்கு வந்துட்டுது" என்று அவள் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். "உனக்கு விசுவாசம் பத்தாது" என்று ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்தாள். டாக்டரிடம் சொன்னேன். அவர் திட்டிய திட்டுக்குக் கல்லும் கரைந்திருக்கும். இவள் கரையவில்லை. இவளுக்குச் சொல்ல வேண்டிய ஆள் டாக்டர் இல்லை என்று புரிந்து, பஸ் ஏறி ஊருக்குப் போய்ப் பங்குச் சாமியாரைக் கையோடு கூட்டிவந்தேன். அதற்குள் பாஸ்குக்கு முந்தின பெரிய வாரம் பிறந்துவிட்டது. நஞ்சப்பன் குணமாகி வீட்டுக்குப் போயிருந்தான்.

சாமியார் கட்டிலருகில் உட்கார்ந்து மெதுவாகத்தான் கேட்டார். "நோயாளிக்கு ஒருசந்தி கிடையாது, கவுச்சி தொடாத சுத்தபோசனமும் கிடையாது. திருச்சபையே விட்டுக்குடுத்திருக்கே. நேர்றதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாம்மா?"

ராயம்மாள் அன்றைய முட்டையை உரித்து, பிட்டு, மாமா வாயில் வைத்தாள். அவருக்கு விழுங்கத் தெம்பில்லை. கடைவாயிலேயே நின்றது. அவள் அதை விரலால் எடுத்துவிட்டு இன்னொரு துண்டு வைத்தாள். பாஸ்குக்கு முந்தின நாள் காலையில் அவர் போய்விட்டார்.

முட்டை தின்றிருந்தால் பிழைத்திருப்பாரா? அவருக்குப் பாதி உடம்பு வெந்திருந்தது, நஞ்சப்பனுக்குக் கை மட்டும்தான். ராயம்மாள் அழவில்லை. சோறு வைத்தால் தின்றாள், களைக்குக் கூப்பிட்டால் வந்தாள். எனக்கும் எல்லாம் மரத்துப்போயிருந்தது. அவளைத் திட்டச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அப்படியே கிடந்தது.

ஆடி மாதம் நஞ்சப்பன் ஒரு தார் வாழைப்பழத்தோடு விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்று சிரித்தான்.

"அண்ணன் எங்கீங்க? தோட்டத்துக்குப் போயிட்டாருங்களா? உங்க வூட்டு முட்டையும் சேத்துத் தின்னதாலதான் தோல் இவ்வளவு சீக்கிரம் வந்துச்சாம். டாக்டரே சொன்னாருங்க."

அட பாவி மனுஷா என்று நினைத்தேன். ராயம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து அவனிடம் போனாள்.

"கையைக் காட்டுங்க."

சட்டைக் கையைச் சுருட்டினான். முழங்கை வரைக்கும் புதுத் தோல், இளஞ்சிவப்பாக, சுருக்கம் சுருக்கமாக.

"தொட்டுப் பாக்கட்டுங்களா?"

அந்நிய ஆம்பிளையிடம் கேட்கிற கேள்வியா இது? அவன் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினான். அவள் உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள், எடுக்கவேயில்லை.

"சூடா இருக்குது, ஞானம்" என்றாள்.