சந்தனத்தின் மேல் விழுந்த பழி

போன வாரம் எங்கள் லேபில் ஒரு குற்றவாளியைப் பிடித்தேன். அவசரப்படாதீர்கள்... ஆள் யாரென்று சொல்கிறேன்.

விண்வெளியில் பிளாஸ்மா என்று ஒன்று உண்டு. மின்சாரம் ஏறிய துகள்களின் கூட்டம். அது விண்கலத்தின் மேல் சார்ஜாக ஏறிக்கொண்டே போய் ஒருநாள் படீரென்று பாய்ந்தால், உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் கோவிந்தா! அதை அளக்கத்தான் நாங்கள் கருவி செய்கிறோம். பார்வைக்கு நெல்லிக்காய் சைஸில் தங்கமுலாம் பூசிய ஒரு குண்டு.

வோல்டேஜை ஏற்றி இறக்கினால் கிராஃப் போன வழியே திரும்ப வேண்டும். எங்களுடையது வேறு வழியாகத் திரும்பியது. அப்படியென்றால் குண்டின் மேல் அழுக்கு! வெள்ளிக்கிழமை ரிவ்யூ. தேறாவிட்டால் ராக்கெட்டில் எங்கள் இடத்தில் அதே எடைக்கு ஓர் அலுமினியக் கட்டி பறக்கும். மூன்று வருட உழைப்புக்குப் பதில் ஒரு கட்டி!

யார் வேலை? எனக்குச் சந்தேகமே இல்லை — டெக்னீஷியன் சாந்தம்மா. எது டெஸ்ட்டுக்குப் போனாலும் பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, சந்தனம் கொண்டுவந்து பொட்டு வைப்பார். எல்லார் எதிரிலும் கத்தினேன்.

"பக்தியை வீட்டோட வச்சுக்கங்க. இனி இந்த ரூமுக்குள்ள வராதீங்க!"

"குண்டு வச்ச பெட்டிக்குத்தான் சாரே பொட்டு வச்சேன். குண்டைத் தொடக்கூடாதுன்னு எனக்கு அறியாதா?" கண் கலங்கி வெளியே போனார்.

பிறகு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சந்தனம் இல்லை. எண்ணெய்ப் பிசுக்கில் பளிச்சென்று ஒரு கட்டைவிரல் ரேகை. குறுக்கே ஒரு தழும்பு... சால்டரிங் அயர்ன் சுட்ட தழும்பு. என் வலது கையில் இருப்பது!

கடைசி ஸ்க்ரூவை க்ளவுஸோடு மாட்ட முடியவில்லை. 'ஒரே நிமிஷம்' என்று க்ளவுஸைக் கழற்றினேன். அதற்குச் சற்று முன்தான் அரை பாக்கெட் நேந்திரங்காய் சிப்ஸ் காலி. சுத்தமான தேங்காய் எண்ணெய்!

வெட்கமாகிவிட்டது. கத்தியது எல்லார் எதிரில்; மன்னிப்பு மட்டும் தனியாகவா? எல்லாரையும் கூப்பிட்டு லென்ஸைக் கொடுத்துக் காட்டி, சாந்தம்மாவிடம் மன்னிப்பு கேட்டேன். அவர் க்ளவுஸ் மாட்டி, ஆல்கஹாலில் குண்டைத் துடைத்துக் கொடுத்தார். கிராஃப் போன வழியே திரும்பியது. ரிவ்யூவும் தேறியது.

சாயங்காலம் வாழையிலைப் பொதியோடு வந்தார்.

"சாரே, கையை நீட்டுங்க."

என் கட்டைவிரலில் சந்தனப் பொட்டு வைத்தார்.

"டெஸ்ட்டுல பிரச்சினை பண்ணின பார்ட் இதுதானே?"