கோட்டைச் சுவரில் ஒரு பொந்து

போன வெள்ளிக்கிழமை ஜெயிலுக்குப் போய் வந்தேன். அதுவும் மகன் கல்யாணத்தன்று... மடியில் தாலியோடு.

பதறாதீர்கள். பதற்றம் என் டிபார்ட்மென்ட்.

காஞ்சிபுரத்தைத் தாண்டி, கூரம் போகிற வழியில் ஒரு பழைய கோட்டை. ராஜா கட்டியது. நவாப் அதில் குதிரைகளைக் கட்டினார். வெள்ளைக்காரன் ஜெயிலாக்கினான். சுதந்திரம் வந்தது — ரேஷன் கடை ஆனது. இப்போது கல்யாண மண்டபம்.

கூட்டத்தில் எவனாவது தாலியை அடித்துவிட்டால்? ஓரமாக இருந்த அறைக்குள் புகுந்து, கதவைச் சாத்திக்கொண்டு மடியை அவிழ்த்துப் பார்த்தேன். பத்திரமாக இருந்தது. திரும்பினால்... கதவு திறக்கவில்லை. வெளியே இரும்புக் கொக்கி தானாக விழுந்துவிட்டது. கைதி அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் எவன் வைப்பான்?

முகூர்த்தம் நெருங்கிவிட்டது. கத்தினேன். நாதஸ்வரக்காரர் என்னைவிட நன்றாகக் கத்தினார்.

வெளிச்சுவரில் ஒரு பொந்து. ராஜா காலத்தில் அதன் வழியே அம்பு போனது. ஜெயில் காலத்தில் கூழ் வந்தது. ரேஷன் காலத்தில் சர்க்கரை போனது. நான் கையை விட்டு ஆட்டினேன்.

ஒரு முகம் எட்டிப் பார்த்தது.

"சர்க்கரை வந்துடுச்சாபா?"

"யோவ், நான் மாப்பிள்ளையோட அப்பா. பின்னாடி வந்து கதவைத் திறய்யா."

"பின்வாசல் யாவாரம்லாம் வேணாம்பா. நான் வரிசையிலயே நிக்கிறேன்."

நின்றார். அவர் நிற்பதைப் பார்த்து இன்னொருவர் நின்றார். அவருக்குப் பின்னால்...

மணமேடையில் மகன் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பான். மாப்பிள்ளையின் அப்பன் தாலியோடு ஓடிவிட்டான் என்று பெண் வீட்டார் முடிவே கட்டியிருப்பார்கள்.

காப்பாற்றியது என் மனைவி. என்னைத் தேடி வந்தாள் என்றா நினைக்கிறீர்கள்? க்யூவைப் பார்த்திருக்கிறாள். பட்டுப்புடவையோடு முட்டி மோதி முன்னால் வந்துவிட்டாள்.

"இன்னா குடுக்குறாங்க இங்க?"

"தாலி குடுக்கறேன்டி. சுத்தி வந்து கதவைத் திற."

"மேடையில ஐயர் கத்திக்கினு இருக்காரு. நீங்க இங்க வந்து குந்திக்கினு இருக்கீங்களா?" என்று திட்டிக்கொண்டே கொக்கியைத் தூக்கினாள்.

ஓடினேன். ஐயர் முறைத்தார், ஆனாலும் முகூர்த்தத்துக்குள் தாலி ஏறிவிட்டது.

பந்திக்கு ஆள் கூப்பிட வெளியே வந்தேன். பொந்துக்கு எதிரே மூன்று பேர் இன்னும் நிற்கிறார்கள். முதல் ஆள் — பெண்ணின் பெரியப்பா.

"கல்யாணமே முடிஞ்சிடுச்சு. சாப்பிட வாங்க சம்பந்தி."

"நீங்க முன்னால போங்க. நான் நவுந்தா இடம் போயிடும்."