மண்ணூர்ப் பனியில் என் மூச்சு திரும்பி வந்த கதை

இதை வாசிக்கிற சகோதர சகோதரிகளே, நடுவில் நிறுத்தாமல், நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாமல், ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல என்னால் இன்று முடிகிறது. அதற்காகவே முதலில் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். போன குளிர்காலத்தில் எனக்கு அது முடியவில்லை.

என் பெயர் எஸ்தர். மண்ணூரில் ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் எனக்கு காண்டிராக்ட் வேலை. என் வீட்டுக்காரர் பால்ராஜுக்கு இருங்காட்டுக்கோட்டையில் செக்யூரிட்டி வேலை, பெரும்பாலும் நைட் ஷிஃப்ட்.

கார்த்திகை முடியும்போது சளி பிடித்தது. எங்கள் பக்கம் குளிர் வந்தால் எல்லாரும் காதைத்தான் காப்பாற்றுவோம். குல்லா, மஃப்ளர், பஞ்சு எல்லாம் காதுக்கே. மூச்சு விடுகிற மூக்கு அநாதையாகக் கிடக்கும். நானும் அப்படித்தான் இருட்டோடு கம்பெனி பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மார்கழி பிறந்ததும் வீசிங் வந்துவிட்டது. ஒரு நாள் பஸ் ஸ்டாப்பிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டேன். கூட நின்ற பெண்கள் ஆட்டோவில் போட்டு, தண்டலம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நிமோனியா, கூடவே ஆஸ்துமா என்றார் டாக்டரம்மா. "இன்னொரு தடவ இப்படி வந்தா மூச்சு மிஷின்லதான் வைக்கணும்மா" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். வீட்டுக்குப் பக்கத்தில் யாராவது எதையாவது எரிக்கிறார்களா என்றும் கேட்டார். விடியற்காலையில் ஒரு கருகல் நாற்றம் வரும், அது கம்பெனிப் புகை என்று சொன்னேன். எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் அதுதான் பதில். முடி கொட்டினாலும் கம்பெனிப் புகைதான்.

வீட்டுக்கு வந்து, சொன்னபடி காலையும் மாலையும் இன்ஹேலர் போட்டேன். பகலில் தேறுவேன். விடியற்காலை ஆனால் மறுபடியும் நெஞ்சை அடைக்கும். படுத்தால் மூச்சு வராது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினேன். ஒவ்வொரு தடவையும் மிஷின் ஞாபகம் வந்து பயந்து செத்தேன். ஊரைக் காலி பண்ணிவிட்டு அவருடைய அம்மா வீட்டுக்குப் போய்விடலாம் என்றார் என் வீட்டுக்காரர். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஓடறதுக்கா இவ்ளோ நாளு இங்க கெடந்தோம்? ஆண்டவரு இங்கயே எனக்கு மூச்சு குடுப்பாரு" என்றேன். அதைச் சொல்லி முடிக்க மூன்று தடவை நிறுத்தினேன்.

சபையில் எனக்காகச் சங்கிலி ஜெபம் வைத்தார்கள். அவரவர் வீட்டிலேயே ஆளுக்கு ஒரு மணி நேரம் ஜெபிக்க வேண்டும். முடித்ததும் அடுத்தவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். அப்போதுதான் சங்கிலி அறாது. நீ படுத்துக்கொள்ளம்மா என்று பாஸ்டர் சொன்னார். எப்படியும் விழித்துக்கொண்டுதானே இருக்கிறேன், விடியற்காலை நேரத்தை எனக்கே கொடுங்கள் என்று பிடிவாதமாக வாங்கிக்கொண்டேன். எனக்கு அடுத்தது பிரதர் சாமுவேல். எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை, அதைத் தாண்டினால் பழைய இரும்பு, வயர் எல்லாம் வாங்குகிற அவருடைய காயலான் கடை. தங்கமான மனிதர். ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடி வந்ததும் அவர்தான். அவர் ஜெபித்தால் தெருவே ஆமென் சொல்ல வேண்டும், அவ்வளவு சத்தம்.

அன்றைக்கு வீட்டில் நான் தனியாக முழங்கால் போட்டேன். கதவு இடுக்கில் அதே நாற்றம் வந்தது. வாயைத் திறந்தால் இருமல்தான் வந்தது, ஜெபம் வரவில்லை. அதுவரைக்கும் சுகம் தாரும், சுகம் தாரும் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று மனசுக்குள் வேறொன்று கேட்டேன். 'ஆண்டவரே, இந்தப் புகை எங்கிருந்து வருகிறது என்று எனக்குக் காட்டும். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.' கேட்டது கொஞ்சம் திமிர்தான். ஆனால் அப்படித்தான் கேட்டேன்.

நேரம் முடிந்ததும் பிரதர் சாமுவேலுக்கு மிஸ்டு கால் கொடுத்தேன். அவருடைய போன் பாட்டு எங்கள் சபைக்கே தெரியும். அவர் வீட்டில் அடிக்க வேண்டிய அது, என் வீட்டுக்குப் பின்னால், பனிக்குள்ளிருந்து கேட்டது.

மஃப்ளரை இந்தத் தடவை மூக்கில் சுற்றிக்கொண்டு, ரிங்கைக் கட் பண்ணாமல், காதில் போனோடு பின்பக்கம் போனேன். காலி மனையில் நெருப்பு. செம்புக் கம்பி எடுக்க ஒருவர் பழைய கேபிளைப் போட்டு எரித்துக்கொண்டிருந்தார். கரும்புகை மேலே போகவில்லை. பனியில் அமுங்கி, தரையோடு எங்கள் வீடுகளைப் பார்த்து ஊர்ந்துகொண்டிருந்தது. அவர் முதுகைக் காட்டி நின்றபடியே போனை எடுத்தார்.

"ஸ்தோத்திரம் சிஸ்டர். தோ, உங்களுக்காக ஜெபம் பண்ணத்தான் கெளம்பிகினே கீறேன்."

"ஜெபம் அப்புறம் பண்ணுங்க பிரதர். மொதல்ல நெருப்ப அணைங்க" என்றேன், அவருக்குப் பின்னாலிருந்தே.

திரும்பினார். என்னைப் பார்த்தார், புகையைப் பார்த்தார், அது போகிற திசையைப் பார்த்தார். பகலில் எரித்தால் ஊரில் சண்டை வருகிறது, பனி நேரமென்றால் புகை பனியோடு போய்விடும் என்று நினைத்தாராம். மண்வெட்டியை எடுத்து மண்ணை அள்ளிப் போட ஆரம்பித்தார். அழுதுகொண்டே போட்டார். என்னை மட்டும் தூரப் போய் நிற்கச் சொன்னார். விடிகிற வரைக்கும் அவர் மண் போட்டார். அன்று அவர் வாயைத் திறந்து ஜெபிக்கவே இல்லை. ஆனாலும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியும் அறவில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்லுவேன்.

அதற்குப் பிறகு அவர் கேபிளைக் கத்தியால் உரித்துத்தான் கம்பி எடுக்கிறார். விடியற்காலை அடைப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. ஒரு ராத்திரி தலையணை வைத்து நீட்டிப் படுத்துத் தூங்கினேன். காலையில் எழுந்து, தூங்கினேனா என்று நம்பாமல் என் வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் தலையாட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றார். நிறுத்தவில்லை. கம்பெனி லைனிலும் மறுபடி வேலைக்கு நின்றுவிட்டேன்.

அதோடு நான் விடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கொசுவத்தி கொளுத்துவதை நிறுத்திவிட்டு வலை கட்டினேன். போகிக்கு முன்னால் வீடு வீடாகப் போய், டயர் கொளுத்தாதீர்கள் என்று கேட்டேன். இந்தம்மாவுக்கு வேறு வேலை இல்லை என்றார்கள் சிலர். ஆமாம், மூச்சு விடுவதுதான் எனக்கு வேலை என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். இந்தக் குளிர்காலத்திலும் போவேன்.

இருமிக்கொண்டே இதை வாசிக்கிற சகோதரியே, சோர்ந்து போகாதே. அவர் ஜெபத்தைக் கேட்கிற தேவன். தைரியமாகக் கேள், மருந்தைப் போடு, கேட்டுவிட்டுக் கண்ணைத் திற. அவர் காட்டுகிற இடம் உனக்கு வேண்டியவர் வீடாகவே இருந்தாலும் தயங்காமல் நடந்து போ.