உம்மா கொடுக்காத உறுதி

கடல் ஊருக்குள் வந்து எங்கள் வீட்டைத் தரைமட்டமாக்கிய பிறகு, கல்முனையில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இன்னும் சில குடும்பங்களோடு தங்கியிருந்தோம். எனக்கு எட்டு வயது. வந்தவர்கள் எல்லோரும் ஏதாவது தந்தார்கள். அதனால் வருகிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று நான் முடிவுகட்டியிருந்தேன். வாப்பாவும் ஏறக்குறைய அதே முடிவில்தான் இருந்தார்.

அப்படி வந்த ஒருவர் எனக்குச் சொக்லட் தந்தார். தான் எங்கள் கரையோரத்து அட்டாளைச்சேனை ஆள் என்றார். வெளிநாட்டு நிறுவனமொன்று கல்வீடு கட்டித் தரப்போகிறதாம். காணி உறுதிப் பத்திரத்தைக் கொடுத்தால் பதிந்துவிட்டுத் திருப்பித் தருவாராம். உம்மாவின் தங்கையான என் சாச்சி உடனே எடுத்துக் கொடுத்தார். அது வந்தவருடைய பைக்குள் போனது. பிறகு வாப்பாவிடம் திரும்பினார்.

"காக்கா, உங்கட வாப்பா எழுதித் தந்த ஊட்டு உறுதிய எடுங்க."

வாப்பா உம்மாவைப் பார்த்தார். உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து வந்தார்.

"தம்பி கலியாணம் முடிச்சிட்டீங்களா?"

"ஓம் ராத்தா."

"எந்த ஊட்டுல இரிக்கீங்க?"

"எங்கட வாப்பாட ஊட்டுலதான். பொண்டாட்டியையும் அங்கதான் கூட்டி வந்தன்."

வகுப்பறையிலிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எங்கள் கரையில் வீடு பெண்ணுடையது. கலியாணம் முடித்த ஆண்தான் அவள் வீட்டுக்குக் குடிவருவான். வாப்பாவும் அப்படி வந்து சேர்ந்தவர்தான். அட்டாளைச்சேனையில் பிறந்த ஒருவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

உம்மா அவருடைய பையை இறுக்கிப் பிடித்தார். "நீங்க இந்தக் கரை ஆளில்ல. என்ட தங்கச்சிட உறுதிய வெச்சிட்டுப் போங்க."

"ஊடு வேணாமா? உங்கட பேர வெட்டிப்போடுவன்."

"வெட்டுங்க. மணல்ல குடில் அடிச்சி இருப்பம்."

வாப்பா, "கொஞ்சம் பொறு புள்ள," என்றார். உம்மா பொறுக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

"ஊடு கடலோட போயிட்டு. வளவும் உங்களோட போகணுமா? அது என்ட மகள்ட வளவு."

பெண்கள் சுற்றிவர நின்றார்கள். அவர் சாச்சியின் உறுதியைப் பாயில் எறிந்துவிட்டு, வந்த வழியே நழுவினார்.

அன்று எனக்கோ உம்மாமேல் சரியான கோபம். சொக்லட்டும் தந்து வீடும் தர வந்த மனிதரை விரட்டியது போதாதென்று, அத்தனை பேர் முன்னால் பொய் வேறு சொல்லியிருக்கிறார். எனக்கு ஏது வளவு, ஏது நிலம்? உடுத்திருந்த சட்டைகூட யாரோ தந்ததுதான். பொய் சொல்வது பாவம் என்று மதரசாவில் ஓதியிருந்தேன். அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு, உம்மாவின் பொய்யை மன்னித்துவிடும்படி அல்லாஹ்விடம் அழுது துஆக் கேட்டேன். அது பொய்யே இல்லை என்று விளங்குவதற்கு நான் மணப்பெண்ணாக வேண்டியிருந்தது.