மிலோய்காவின் முற்றத்தில் சொல்லக்கூடாத சொல்

இத்தாலியின் எல்லையோர ட்ரியெஸ்டே நகரத்துக்கு மேலே, கார்ஸ்ட் மேட்டில், மிலோய்கா பெர்ட்டோட்டின் முற்றத்தில் எதை வேண்டுமானாலும் பேசலாம். அரசாங்கத்தை வையலாம், பாதிரியாரைக் கிண்டல் செய்யலாம், மது புளிக்கிறது என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லலாம். "ச்சாவோ" என்று மட்டும் சொல்லக்கூடாது. இத்தாலியில் வந்தாலும் அதுதான் வணக்கம், போனாலும் அதுதான். ஜெர்மானியரும் பல்கேரியரும் பெரும்பாலும் போகும்போதுதான் சொல்வார்கள். அவளிடம் எப்போது சொன்னாலும் குற்றம்.

காரணம் இல்லாமல் இல்லை. வெனிஸ்காரர்கள் "உங்கள் அடிமை" என்று ஒருவரையொருவர் வணங்கிய சொல் தேய்ந்துதான் ச்சாவோ ஆனது. அந்த அடிமை என்ற சொல் எங்கிருந்து வந்தது? ஸ்லாவ் ஜனங்களை, அதாவது மிலோய்காவின் முன்னோர்களைப் பிடித்துக் கட்டிச் சந்தையில் விற்றார்கள். விற்றுப் பழகி, அந்த ஜனத்தின் பெயரையே அடிமைக்குப் பெயராக்கிவிட்டார்கள். ஆங்கிலேயன், பிரெஞ்சுக்காரன், ஜெர்மானியன், இத்தாலியன் எல்லாரிடமும் அதே சொல்தான், உச்சரிப்புதான் வேறு. ஸ்லாவ் மொழிகளில் "ஸ்லாவா" என்றால் புகழ் என்று பொருள். அதை யார் கேட்டார்கள்? கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா?

இதை அவளுக்குச் சொன்னவர் அவள் அப்பா. பாசிசக் கறுப்புச் சட்டைக்காரர்கள் இத்தாலியை ஆண்ட காலத்தில், வீட்டு மொழியான ஸ்லோவேனிய மொழி பேசியதற்காகப் பள்ளியில் கன்னம் வீங்க அறை வாங்கியவர். அறைந்த வாத்தியாரே சாயங்காலம் தெருவில் சிரித்துக்கொண்டு "ச்சாவோ" என்பாராம். நகரத்து டிராமில் ஏறினால் சொந்த மொழியை வாய்க்குள்ளேயே விழுங்க வேண்டும். அந்த மனிதரின் மகளுக்கு ரோஷம் இருக்காதா என்ன?

ஆண்டில் சில வாரங்கள் அவள் வீட்டு முற்றம் மதுக்கடையாகும். தெருமுனையில் ஐவிக்கொடிக் கொப்பு தொங்கினால் கடை உண்டு. அது தொங்கிக்கொண்டிருக்கும்வரை வந்தவரைத் திருப்பி அனுப்பக்கூடாது; இறக்கிய பிறகு ஒரு சொட்டும் விற்கக்கூடாது. மேட்டு ஊர்களின் கட்டுப்பாடு அது.

அப்படிக் கொப்பு தொங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகரத்தில் வேலை பார்க்கும் மகள் நீவெஸ் தன் வருங்கால மாமியார் ஓந்தினாவை முதன்முதலாக அழைத்து வந்தாள். இத்தாலியக்காரி, கலகலப்பானவள். இரண்டு கையையும் விரித்து "ச்சாவோ, சம்பந்தியம்மா" என்று கட்டிக்கொள்ள வந்தாள். மகள் ஏனோ எச்சரிக்கவே இல்லை.

மிலோய்கா விடுவிடுவென்று தெருமுனைக்குப் போனாள், கொப்பை அவிழ்த்தாள், தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். பாதிக் கோப்பையோடு இருந்தவர்கள் திகைத்துப் போனார்கள்.

"கடை மூடியாச்சு. எல்லாரும் கிளம்புங்க," என்றாள், ஓந்தினாவை மட்டும் பார்த்து.

ஓந்தினா கிளம்பவில்லை, மேசை முன்னால் உட்கார்ந்துவிட்டாள். முகம் சிவந்திருந்தது. "கடை மூடினா மூடிட்டுப் போகுது. இப்ப இது வீடு. நான் பொண்ணு வீட்டுக்கு வந்தவ. உங்க வழக்கத்துல வீட்டுக்கு வந்தவளை எழுப்பி விடுவீங்களா?"

மூலையிலிருந்த கிழவர் ஒருவர், அப்படியானால் நாங்களும் விருந்தாளிதானே, காசு கேட்க முடியாதே என்று கோப்பையை நீட்டினார். சிலர் சிரித்தார்கள். மிலோய்காவுக்கு உச்சந்தலை கொதித்தது. அப்பா வாங்கிய அறையை, சந்தையை, விலைபோன பெயரை எல்லாம் மூச்சுவிடாமல் கொட்டினாள். சிரிப்பு நின்றது. ஓந்தினா, தனக்கு இதெல்லாம் தெரியாது என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். தெரியாமல் இருப்பதற்கும் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று மிலோய்கா வெடித்தாள்.

அப்போது நீவெஸ் குறுக்கே வந்தாள்.

"அவங்களை விடும்மா. நான் அந்தச் சொல்லைத் தினமும் சொல்றேன். பஸ்ல, ஆபீஸ்ல, இவங்க பிள்ளையோட. நம்ம தெருமுனை வந்ததும் வாய்க்குள்ளயே முழுங்கிடறேன். சின்ன வயசுலேருந்து முழுங்கறேன். தாத்தா டிராம்ல முழுங்கினாரு. நான் உன் வாசல்ல முழுங்கறேன். இவங்களை அனுப்பினா நானும் கூடவே போயிடுவேன்."

மிலோய்காவின் தோளிலிருந்து கொப்பு சரிந்தது. மகளுக்கு ஓர் அறைகூடக் கொடுத்ததில்லை அவள், ஒரு நாளும். அந்த வாத்தியார் அடித்துச் செய்ததை இவள் அடிக்காமலே செய்துவிட்டாளா? கோபம் போகவில்லை. போவதற்கு வேறு இடமில்லாமல் அவளுக்குள்ளேயே சுற்றியது.

ஓந்தினாவின் முன்னால் கோப்பை வைத்து மதுவை ஊற்றினாள். பிறகு மகளிடம் திரும்பினாள்.

"சொல்லு. எனக்கு முன்னாடி சொல்லு."

நீவெஸ் மெதுவாகச் சொன்னாள். "ச்சாவோ, அம்மா."

மிலோய்காவுக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனால் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.